புதிய ஃபயர்வோல் பெட்டியின் லான் பக்கத்தை அமைப்பது: கொழும்புச் சிறு அலுவலகங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஃபயர்வோல் பெட்டி (இணையத்துக்கும் கடை வலையமைப்புக்கும் நடுவே நின்று காவல் காக்கும் பெட்டி) ஒன்றை வாங்கிப் பூட்டுகிறவர்கள் கவனம் முழுவதையும் வெளிப்பக்கத்தில்தான் வைப்பார்கள். இணையம் வருகிறதா, வேகம் எவ்வளவு, யூடியூப் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு மூடியைப் போட்டுவிடுவார்கள். தொல்லை பின்னால் வருவதோ உள்பக்கத்திலிருந்து. பில் அடிக்கும் கணனிக்குப் பிரின்டர் தெரியாது. கமரா பெட்டியும் கணக்காளரின் கணனியும் ஒரே முகவரிக்குச் சண்டை பிடிக்கும். இரண்டாவது கிளை திறந்து இரண்டையும் விபிஎன்னால் (இணையத்துக்குள்ளே போகும் தனி இரகசிய வழியால்) இணைக்கப் போனால் ஒன்றுமே நகராது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மூலகாரணம் ஒன்றுதான்: பெட்டி கடையிலிருந்து வந்தபோது இருந்த லான் (உள்பக்க வலையமைப்பு) முகவரியை யாரும் மாற்றவில்லை.

இங்கே உதாரணத்துக்குப் புறக்கோட்டையில் இரண்டு மாடித் துணி மொத்த வியாபாரக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கீழே இரண்டு பில் கவுண்டர், மேலே அலுவலகம், ஒரு கமரா ரெக்கோடர், ஊழியருக்கும் வாடிக்கையாளருக்கும் வைஃபை. பெட்டி, நான்கு போர்ட் உள்ள சின்னக் கணனி போன்றது. அதில் பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வோல் மென்பொருள் ஓடுகிறது. ஓபிஎன்சென்ஸ் பாவிப்பவர்களுக்கும் அநேகமாக எல்லாம் பொருந்தும், மெனுக்களின் இடம்தான் கொஞ்சம் மாறும். ஃபோர்ட்டிகேட் போன்ற பெட்டிகளில் திரை வேறு, அடிப்படை வேறல்ல.

வேலையைத் தொடங்க நல்ல நாள் போயா தினம். கடை பூட்டியிருக்கும், பில் அடிக்க ஆள் வராது, நடுவில் யாரும் இணையம் கேட்கவும் மாட்டார்கள். வியாபார நேரத்தில் லான் முகவரியை மாற்றப் போகவே வேண்டாம்.

முதலில் தாளும் பேனாவும்

இப்போது இருக்கும் வலையமைப்பில் யார் யாருக்கு எந்த முகவரி என்று எழுதுங்கள். ஒரு விண்டோஸ் கணனியில் கொமாண்ட் ப்ரொம்ப்டைத் திறந்து ‘ஐபிகொன்ஃபிக்’ கட்டளையைக் கொடுத்தால் அந்தக் கணனியின் முகவரியும், டிஃபோல்ட் கேட்வே (வெளியே போகும் வாசல்) என்ற பெயரில் இணைய நிறுவனம் தந்த ஃபைபர் பெட்டியின் முகவரியும் வரும். பெரும்பாலும் அது 192.168.1.1 ஆகத்தான் இருக்கும்.

பிறகு கையால் முகவரி போட்டு வைத்த சாதனங்களைத் தேடுங்கள். உண்மையான வேலை இங்கேதான். கணனிகளும் போன்களும் தானாக முகவரி எடுத்துக்கொள்ளும், அவற்றைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் பில் பிரின்டர், கைரேகை வைக்கும் வரவுப் பெட்டி, கமரா ரெக்கோடர், கணக்கு மென்பொருள் இருக்கும் சேர்வர் ஆகியவற்றுக்கு யாரோ ஒருவர் எப்போதோ நிலையான முகவரி கொடுத்திருப்பார். அவர் இப்போது வேலையில் இருக்கவும் மாட்டார். இதில் இன்னொரு மறைவிடமும் உண்டு: பில் மென்பொருளின் செட்டிங்கிலேயே பிரின்டரின் முகவரியும் சேர்வரின் முகவரியும் எழுதப்பட்டிருக்கும். பிரின்டரை மாற்றிவிட்டு மென்பொருளை மறந்தால், அடுத்த நாள் காலை முதல் வாடிக்கையாளர் நிற்கும்போதுதான் அது தெரியவரும்.

கமரா சாதனங்கள் தொழிற்சாலையிலிருந்தே 192.168.1 வரிசையில் வருகின்றன. ஹிக்விஷன் 192.168.1.64, டஹுவா 192.168.1.108. பூட்டியவர் அதை அப்படியே விட்டிருக்க நிறைய வாய்ப்புண்டு.

எந்த முகவரி வரிசை?

வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் உள்ளே பாவிப்பதற்கென்று மூன்று வரிசைகள் 1996ஆம் ஆண்டிலிருந்து ஒதுக்கப்பட்டுள்ளன: 10 என்று தொடங்குபவை எல்லாம், 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்குபவை. இந்த மூன்றுக்கு வெளியே ஏதாவது ஓர் எண்ணை அழகாக இருக்கிறதென்று எடுத்துப் போட்டால், இணையத்தில் அந்த முகவரியை உண்மையில் வைத்திருக்கும் தளத்துக்கு உங்களால் போகவே முடியாது.

பிஎஃப்சென்ஸும் ஓபிஎன்சென்ஸும் பெட்டியைத் திறந்தவுடன் லானுக்கு 192.168.1.1 என்று வைத்துக்கொள்கின்றன. ஃபோர்ட்டிகேட்டின் சிறிய பெட்டிகள் 192.168.1.99. ஃபைபர் பெட்டியும் அதே வரிசையில் இருந்தால் ஃபயர்வோலின் வெளிப்பக்கமும் உள்பக்கமும் ஒரே வலையமைப்பாகிவிடும். ஒரு பொதியை (தரவுத் துண்டை) எந்தப் பக்கம் அனுப்புவது என்று அதற்குத் தெரியாது. ‘பெட்டி பழுது, இணையமே வரவில்லை’ என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகும் பெட்டிகளில் இப்படியானவையும் இருக்கும்.

வரிசையை மாற்ற இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அது முதலாவதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. கணக்காளர் வெள்ளவத்தையில் தன் வீட்டிலிருந்து விபிஎன் மூலம் கடைக்கு வர வேண்டுமென்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டு ரவுட்டரும் 192.168.1.1. கடைச் சேர்வர் 192.168.1.10 என்றால், அவருடைய மடிக்கணனி அந்தச் சேர்வரைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடும், விபிஎன் பக்கம் எட்டியும் பார்க்காது. கிளைக் கடைகளுக்கும் இதே கதிதான். ஆகவே வீடுகளில் வழமையாக வரும் வரிசைகளான 192.168.0, 192.168.1, 192.168.100, 10.0.0 ஆகியவற்றை விட்டு விலகுங்கள். டொக்கர் என்ற மென்பொருள் பாவிக்கும் இடங்களில் 172.17ஐயும் தவிர்க்க வேண்டும், அது தன் உள்வேலைக்கு அதை எடுத்துக்கொள்ளும்.

நம் கடைக்கு 10.27 என்று எடுப்போம். 27க்கு விசேஷம் ஒன்றும் இல்லை, யாரும் சும்மா தெரிவுசெய்யாத எண் என்பதுதான். அடுத்த கிளைக்கு 10.28. மூன்றாவது இடத்து எண் எந்தப் பிரிவு என்பதைச் சொல்லட்டும்:

10.27.10.0/24 – அலுவலகமும் பில் கவுண்டரும்
10.27.20.0/24 – கமரா
10.27.30.0/24 – வாடிக்கையாளர் வைஃபை

/24 என்றால் மாஸ்க் (முகவரியில் எந்தப் பகுதி வலையமைப்பைக் குறிக்கிறது என்று சொல்லும் எண்) 255.255.255.0, ஒரு பிரிவில் 254 சாதனம் வரை வைக்கலாம். ஒரு கடைக்கு இது தாராளம். ஃபயர்வோல் ஒவ்வொரு பிரிவிலும் .1 ஆக இருக்கும்.

போர்ட்டுகளை அடையாளம் காணுதல்

லான் முகவரியை இணைய உலாவியில் திரையைத் திறந்தும் மாற்றலாம். ஆனால் முதல் தடவை கொன்சோலில் செய்யவே நான் சொல்வேன். பெட்டியில் ஒரு திரையும் கீபோர்டும் நேரடியாகக் கொழுவுங்கள். சீரியல் போர்ட் மட்டும் இருந்தால் அதற்குரிய கேபிளை மடிக்கணனியில் செருகி, வேகத்தை 115200 என்று வைத்துப் பட்டி (PuTTY) போன்ற ஒரு மென்பொருளால் திறக்கலாம். கொன்சோல் வலையமைப்பை நம்பி இல்லை. முகவரியைத் தப்பாகப் போட்டாலும் உங்களை வெளியே பூட்டாது.

பெட்டி ஓடத் தொடங்கியதும் எண்ணிட்ட ஒரு மெனு வரும். முதலாவது தெரிவு போர்ட்டுகளை ஒதுக்குவது. முதலில் வீலான் (ஒரே கேபிளில் பல வலையமைப்புகளைப் பிரித்து அனுப்பும் முறை) வேண்டுமா என்று கேட்கும். இப்போதைக்கு வேண்டாம் என்று ‘என்’ அழுத்துங்கள். அடுத்து எந்தப் போர்ட் வான், எது லான் என்று கேட்கும். வான் என்பது ஃபைபர் பெட்டிக்குப் போகும் வெளிப்பக்கம். இன்டெல் சிப் உள்ள புதிய பெட்டிகளில் போர்ட்டுகளுக்கு ஐஜிசி0, ஐஜிசி1 என்று பெயர் இருக்கும். பழையவற்றில் ஐஜிபி, ஈஎம். ரியல்டெக் என்றால் ஆர்ஈ.

பெட்டியின் முதுகில் அச்சடித்திருக்கும் எண்களை நம்பாதீர்கள். விலை குறைந்த பெட்டிகளில் வெளியே ‘1’ என்று இருப்பது உள்ளே ஐஜிசி3 ஆக இருக்கலாம். எல்லாக் கேபிளையும் கழற்றிவிட்டு, பெயர் கேட்கும் இடத்தில் ‘ஏ’ என்ற எழுத்தை அழுத்தி, சொல்லும்போது ஒரே ஒரு கேபிளைச் செருகினால் எந்தப் போர்ட் உயிர்பெற்றது என்று பெட்டியே சொல்லிவிடும். கேபிளின் மறுமுனையில் மின்சாரம் உள்ள ஸ்விட்ச் அல்லது கணனி இருக்க வேண்டும். கண்டுபிடித்ததும் மார்க்கரால் பெட்டியிலேயே எழுதிவிடுங்கள்.

மிச்சமிருக்கும் இரண்டு போர்ட்டையும் சேர்த்து பிரிட்ஜ் போட்டு, ஃபயர்வோலையே ஸ்விட்ச் போலப் பாவிக்க ஆசை வரும். வேண்டாம். ஒவ்வொரு பொதியும் பெட்டியின் மூளை வழியாகப் போய் வரும், விதிகள் எங்கே பொருந்துகின்றன என்பதும் குழம்பும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஓர் எட்டுப் போர்ட் ஸ்விட்ச் வாங்கப் பெரிய காசு போகாது.

லான் முகவரியைப் போடுதல்

மெனுவில் இரண்டாவது தெரிவு இன்டர்ஃபேஸ்களுக்கு (வான், லான் போன்ற பக்கங்களுக்கு) ஐபி முகவரி கொடுப்பது. லானைத் தெரிவுசெய்யுங்கள். கேள்விகள் வரிசையாக வரும். டிஎச்சிபி (சாதனங்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் முறை) மூலம் முகவரி எடுக்கவா என்று கேட்டால் இல்லை. முகவரி 10.27.10.1. அடுத்தது சப்நெட் எண்ணிக்கை, அதாவது மேலே சொன்ன /24இன் 24.

அடுத்த கேள்விதான் ஆபத்தானது: மேல்நிலை கேட்வே எது? இங்கே ஒன்றும் எழுதாமல் என்டர் மட்டும் அழுத்த வேண்டும். ‘கேட்வே இல்லாமல் இணையம் எப்படி வரும்’ என்று நினைத்து ஃபைபர் பெட்டியின் முகவரியையோ ஃபயர்வோலின் முகவரியையோ போடுகிறவர்கள் நிறையப் பேர். கேட்வே கொடுத்த இன்டர்ஃபேஸை பிஎஃப்சென்ஸ் வெளிப்பக்கம் என்று எடுத்துக்கொள்ளும். உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் விதிகளும் திரும்பி வரும் பொதிகளுக்கான வழியும் அதற்கேற்ப மாறிவிடும். சில தளங்கள் திறக்கும், சில திறக்காது, ஃபயர்வோலின் திரை மெதுவாக வரும் என்று பிழை பல முகத்தோடு காட்டுவதால் காரணத்தைப் பிடிப்பது கஷ்டம். லான் பக்கத்துச் சாதனங்களுக்கு ஃபயர்வோல்தான் கேட்வே. ஃபயர்வோலுக்கு லான் பக்கம் கேட்வே கிடையாது. அதன் கேட்வே வான் பக்கத்தில் மட்டும்.

ஐபிவி6 கேள்விக்கும் இப்போது வெறும் என்டர். பிறகு லானில் டிஎச்சிபி சேர்வரை இயக்கவா என்று கேட்கும். ஆம் என்று சொல்லி, தொடக்கம் 10.27.10.100, முடிவு 10.27.10.199 என்று கொடுங்கள். கொன்சோலில் செய்வதன் பெரிய வசதி இதுதான்: முகவரியும் அதற்குப் பொருந்தும் டிஎச்சிபி வரிசையும் ஒரே நேரத்தில் மாறுகின்றன. உலாவித் திரையில் முகவரியை மட்டும் மாற்றிவிட்டு டிஎச்சிபியை மறந்தால், கணனிகளுக்குச் சரியான முகவரி கிடைக்காது. கடைசியாகத் திரையைப் பாதுகாப்பற்ற எச்டிடிபிக்கு மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இனி ஒரு கணனியை லான் போர்ட்டில் செருகுங்கள். ஏற்கனவே செருகியிருந்தால் கழற்றிவிட்டுத் திரும்பச் செருகினால் புதிய முகவரி எடுக்கும். ஐபிகொன்ஃபிக் கொடுத்தால் 10.27.10.100 முதல் 10.27.10.199 வரையில் ஏதாவது ஒன்று வர வேண்டும். 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால் கணனிக்கு டிஎச்சிபி பதில் கிடைக்கவில்லை என்று அர்த்தம். முதலில் கேபிளையும் போர்ட்டையும் பாருங்கள், செட்டிங்கைத் தோண்டுவது பிறகு.

உலாவித் திரையில் சரிபார்க்க வேண்டியவை

உலாவியில் 10.27.10.1 என்று அடித்தால் சான்றிதழ் எச்சரிக்கை வரும். பெட்டி தானே தயாரித்த சான்றிதழ் அது. நேரடியாகக் கேபிள் போட்டிருக்கும் இந்த நேரத்தில் தாண்டிப் போகலாம். பிஎஃப்சென்ஸில் பெயர் ‘அட்மின்’, கடவுச்சொல் ‘பிஎஃப்சென்ஸ்’, சிறிய ஆங்கில எழுத்தில். ஓபிஎன்சென்ஸில் ‘ரூட்’, ‘ஓபிஎன்சென்ஸ்’. உலகம் முழுவதற்கும் தெரிந்த இந்தக் கடவுச்சொல்லை வேறெதையும் தொடுவதற்கு முன் மாற்றுங்கள்.

நேர வலயத்தை ஏசியா/கொழும்பு என்று வையுங்கள். சும்மா எண்ணைப் பார்த்து ஒரு வலயத்தைத் தெரிவுசெய்வது சரிவராது. இலங்கை 1996இல் கடிகாரத்தை முன்னே நகர்த்தி, 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரை மணித்தியாலத்துக்குத் திரும்பியது. ஊர்ப் பெயரில் உள்ள வலயம் அந்த வரலாற்றையும் சேர்த்து வைத்திருக்கும். களவு நடந்த இரவின் கமராப் பதிவையும் ஃபயர்வோல் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது நேரம் ஒத்துவராவிட்டால் இரண்டும் வீண்.

அடுத்து இன்டர்ஃபேசஸ் மெனுவில் லான் பக்கத்தைத் திறவுங்கள். கொன்சோலில் கொடுத்தவை அங்கே இருக்கும். முகவரி வகை ஸ்டாட்டிக் ஐபிவி4, முகவரிக்குப் பக்கத்தில் 24, மேல்நிலை கேட்வே ‘நன்’. எம்டியு (ஒரு பொதியின் அதிகபட்ச அளவு) பெட்டியைக் காலியாக விடுங்கள், 1500 என்று அதுவே எடுக்கும். பிபிபிஓஈ (பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் முறை) இணைப்பில் வரும் 1492 வெளிப்பக்கத்துக்குரியது, லானில் போட வேண்டியதல்ல.

வேகமும் டூப்ளெக்ஸும் (ஒரே நேரத்தில் இரு திசையிலும் அனுப்புவது முழு, மாறி மாறி அனுப்புவது அரை) தானியங்கியாகவே இருக்கட்டும். ஃபயர்வோலில் 100 முழு டூப்ளெக்ஸ் என்று கட்டாயப்படுத்தி, ஸ்விட்ச்சைத் தானியங்கியாக விட்டால், ஸ்விட்ச் அரை டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். இணைப்பு விளக்கு எரியும், பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகும், பெரிய கோப்பு மட்டும் ஊரும். கிகாபிட் இணைப்புக்குத் தானியங்கிப் பேச்சு கட்டாயமும் கூட. தானியங்கியில் விட்டும் 100க்கு மேல் ஏறவில்லையென்றால் பழைய கேபிளைச் சந்தேகியுங்கள். நான்கு சோடி வயரில் ஒன்று அறுந்தாலும் கிகாபிட் வராது. புறக்கோட்டையின் பழைய கட்டடங்களில் சுவரைச் சுற்றி, படிக்கட்டு வழியாக, பக்கத்துக் கடைக் களஞ்சியம் வரை கேபிள் போகும். 100 மீட்டர் என்ற எல்லையை அது எப்போது தாண்டியது என்று யாரும் அளந்திருக்கமாட்டார்கள்.

அந்தப் பக்கத்தின் அடியில் இரண்டு டிக் பெட்டிகள்: தனியார் முகவரிகளைத் தடு, போகொன் (யாருக்கும் ஒதுக்கப்படாத) முகவரிகளைத் தடு. பாதுகாப்புக் கூடும் என்று நினைத்து லானில் இவற்றை டிக் செய்யாதீர்கள். உங்கள் கடையின் 10.27.10 என்பதே தனியார் முகவரிதானே. டிக் செய்து சேமித்த நொடியில் அலுவலகம் முழுவதும் தடைபடும். இவை வான் பக்கத்துக்கு உரியவை. அங்கேயும்கூட, ஃபயர்வோலின் வான் ஃபைபர் பெட்டியிலிருந்து 192.168.1 முகவரி எடுக்கிறது, அந்தப் பக்கத்திலிருந்து உள்ளே வர வேண்டிய தேவையும் இருக்கிறது என்றால், தனியார் தடையை எடுக்க வேண்டிவரும்.

எந்த மாற்றத்துக்கும் சேமிப்பது ஒன்று, அமுல்படுத்துவது இன்னொன்று. மேலே மஞ்சள் பட்டையில் வரும் ‘அப்ளை’ பொத்தானை அழுத்தும்வரை ஒன்றும் நடக்காது.

டிஎச்சிபி: யாருக்கு எந்த எண்

அலுவலகப் பிரிவில் .2 முதல் .19 வரை ஸ்விட்ச், வைஃபை பெட்டி போன்றவற்றுக்கு. .20 முதல் .99 வரை பிரின்டர், சேர்வர், வரவுப் பெட்டி. .100 முதல் .199 வரை தானாகக் கொடுப்பது. மீதி சும்மா கிடக்கட்டும்.

நிலையான முகவரி தேவையான சாதனங்களுக்கு அந்தந்தச் சாதனத்தில் போய்க் கையால் எண் போடுவதைவிட, ஃபயர்வோலில் ஸ்டாட்டிக் மாப்பிங் செய்வது நல்லது. பிரின்டரின் மாக் முகவரியை (சாதனத்தின் வலையமைப்புப் பகுதிக்குரிய அடையாள எண்ணை) எழுதி, அதற்கு 10.27.10.21 என்று சொன்னால் போதும். பட்டியல் முழுவதும் ஒரே இடத்தில் இருக்கும், நாளைக்கு வரிசை மாறினாலும் பிரின்டரின் சிறிய திரையில் அம்புக்குறி அழுத்திக்கொண்டு நிற்கத் தேவையில்லை. ஒதுக்கும் எண் தானாகக் கொடுக்கும் வரிசைக்கு வெளியே இருக்க வேண்டும்.

டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) பெட்டியைக் காலியாக விட்டால் ஃபயர்வோல் தன் முகவரியையே டிஎன்எஸ் ஆகக் கொடுக்கும். அதுவே சரி. கேட்வே பெட்டியும் அப்படித்தான். டொமைன் பெயருக்குப் பெட்டியோடு வரும் ஹோம்.ஆர்பாவை விட்டுவிடலாம்; ‘லோக்கல்’ என்று முடியும் பெயரை வைத்தால் பிரின்டர்களும் ஆப்பிள் சாதனங்களும் ஒன்றையொன்று தேடும் முறையோடு மோதும்.

ஊழியரின் போனுக்கு ஸ்டாட்டிக் மாப்பிங் செய்து ‘நிற்கவில்லை’ என்று முறையிடுவார்கள். ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்ட் 10 காலத்திலிருந்து போன்கள் வைஃபைக்கு வைஃபை பொய் மாக் முகவரி காட்டுகின்றன. அந்த வைஃபைக்கு மட்டும் போனில் அதை நிறுத்தினால் சரிவரும்.

ஒரு எச்சரிக்கை. மேல்மாடியில் சிக்னல் போதவில்லை என்று யாராவது வீட்டிலிருந்து பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து சுவர் பொயின்ட்டில் செருகுவார்கள். அதன் லான் போர்ட்டில் கேபிள் போனால் அதன் டிஎச்சிபியும் முகவரி கொடுக்கத் தொடங்கும். சில கணனிகள் 10.27.10இல், சில 192.168.0இல் என்று வலையமைப்பு இரண்டாகப் பிரியும், அதுவும் ஒவ்வொரு காலையும் வேறு வேறு கணனிகளில். பழைய ரவுட்டரைப் பாவிக்கத்தான் வேண்டுமென்றால் அதன் டிஎச்சிபியை நிறுத்தி, அதற்கு 10.27.10.5 என்று ஒரு முகவரி கொடுத்து, லான் போர்ட்டில் செருகுங்கள். அப்போது அது வெறும் வைஃபை பெட்டியாக இருக்கும்.

கமராவுக்குத் தனிப் போர்ட்

மூன்றாவது போர்ட்டை கமராக்களுக்குக் கொடுப்போம். இன்டர்ஃபேசஸ் மெனுவின் அசைன்மென்ட்ஸ் பக்கத்தில் ஐஜிசி2ஐச் சேர்த்தால் ‘ஓபிடி1’ என்று ஒன்று உருவாகும். அதைத் திறந்து, இயக்கு என்பதை டிக் செய்து, பெயரை கமரா என்று பொருள்படும்படி மாற்றி, ஸ்டாட்டிக் ஐபிவி4 தெரிந்து 10.27.20.1 என்று எழுதுங்கள். பக்கத்தில் இருக்கும் மாஸ்க் பட்டியலைக் கட்டாயம் பாருங்கள். புதிய இன்டர்ஃபேஸுக்கு அது 32இல் நிற்கும். 32 என்றால் அந்த வலையமைப்பில் ஃபயர்வோல் ஒன்றே ஒன்றுதான், யாரோடும் கதைக்காது. 24 ஆக மாற்றுங்கள். புதிய போர்ட் ‘வேலை செய்யவில்லை’ என்றால் நான் முதலில் பார்க்கும் இடம் இதுதான்.

புதிய இன்டர்ஃபேஸில் விதி ஒன்றும் இராது. அதாவது எல்லாம் தடை. லானில் மட்டுமே ‘எங்கும் போகலாம்’ என்ற விதியும், திரையிலிருந்து உங்களை வெளியே பூட்டாமல் காக்கும் ஆன்டி லொக்அவுட் விதியும் தானாக வரும். கமராவுக்கு இந்தக் காலி நிலை கிட்டத்தட்ட நமக்கு வேண்டியதுதான். ஃபயர்வோலிடம் நேரம் கேட்பதற்கு யுடிபி 123 மட்டும் திறந்துவிட்டால், ரெக்கோடரின் கடிகாரம் சரியாக இருக்கும்.

முதலாளி போனில் கமரா பார்க்க வேண்டும் என்பார். என் விருப்பம் வயர்கார்ட் அல்லது ஓபன்விபிஎன் என்ற விபிஎன் வழியாகக் கடைக்குள் வந்து பார்ப்பது. அவர் கமராக் கம்பனியின் செயலிதான் வேண்டுமென்று நின்றால், ரெக்கோடரின் ஒரே முகவரிக்கு மட்டும் வெளியே போக அனுமதி கொடுங்கள், எல்லாக் கமராவுக்கும் அல்ல. வெளியிலிருந்து ரெக்கோடருக்குப் போர்ட் திறந்துவிடுவது மட்டும் கூடவே கூடாது. 2016இல் மிராய் என்ற நச்சுநிரல், கடவுச்சொல் மாற்றாத கமராக்களையும் ரெக்கோடர்களையும் படை சேர்த்துத்தான் பெரிய இணைய சேவைகளை நிலைகுலைய வைத்தது.

அலுவலகக் கணனியிலிருந்து கமராப் படம் பார்க்கத் தனி விதி தேவையில்லை. லான் விதியே அனுமதிக்கும். அங்கிருந்து தொடங்கிய உரையாடலுக்கு வரும் பதிலை ஃபயர்வோல் தானாக விடும். ஆனால் ரெக்கோடரின் செட்டிங்கில் கேட்வே 10.27.20.1 என்று இருக்க வேண்டும். பூட்டியவர் அதைக் காலியாகவோ பழைய 192.168.1.1 ஆகவோ விட்டிருந்தால் ரெக்கோடருக்குப் பதில் அனுப்ப வழி தெரியாது. ஃபயர்வோல் விதியை எத்தனை தரம் மாற்றினாலும் படம் வராது.

வாடிக்கையாளர் வைஃபைக்கு வீலான்

வைஃபை பெட்டி ஒன்றுதான், ஆனால் ஊழியருக்கு ஒரு பெயர், வாடிக்கையாளருக்கு இன்னொரு பெயர் வேண்டும். ஒரே கேபிளில் இரண்டு வலையமைப்பை அனுப்ப வீலான் தேவை. இதற்கு மெனேஜ்ட் ஸ்விட்ச்சும் (செட்டிங் மாற்றக்கூடிய ஸ்விட்ச்) வீலான் தெரிந்த வைஃபை பெட்டியும் இருக்க வேண்டும்.

ஃபயர்வோலில் அசைன்மென்ட்ஸ் பக்கத்தின் வீலான் தாவலில் புதிதாக ஒன்று: தாய் இன்டர்ஃபேஸ் லான் போர்ட் ஐஜிசி1, எண் 30. பிறகு கமராவுக்குச் செய்ததுபோலவே அசைன்மென்ட்ஸில் சேர்த்து, 10.27.30.1/24 கொடுத்து, டிஎச்சிபியை இயக்குங்கள். வந்து போகும் போன்கள் அதிகமென்பதால் .10 முதல் .250 வரை கொடுக்கலாம். குத்தகை நேரம் (ஒரு போனுக்குக் கொடுத்த முகவரி நிற்கும் காலம்) பெட்டியோடு வரும் 7200 வினாடியே போதும், இரண்டு மணித்தியாலம்.

ஸ்விட்ச்சில் ஃபயர்வோலுக்குப் போகும் போர்ட்டும் வைஃபை பெட்டிக்குப் போகும் போர்ட்டும் வீலான் 30க்கு ‘டாக்ட்’ (பொதியில் வீலான் எண் ஒட்டியது), வீலான் 1க்கு ‘அன்டாக்ட்’ (எண் ஒட்டாதது). மற்றப் போர்ட்டுகள் வீலான் 1 மட்டும். வைஃபை பெட்டியில் வாடிக்கையாளர் பெயருக்கு வீலான் 30. இந்த மூன்று இடத்தில் ஒன்று தவறினாலும் போனுக்கு முகவரி வராது. வாடிக்கையாளர் வைஃபையில் சேர்ந்த போனுக்கு 10.27.10 முகவரி வந்தால் வைஃபை பெட்டியில் எண் போடவில்லை. முகவரியே வராவிட்டால் பெரும்பாலும் ஸ்விட்ச்.

விதிகள் மேலிருந்து கீழே படிக்கப்படும். முதலில் பொருந்தும் விதியே இறுதி, கீழே இருப்பவை பார்க்கப்படுவதில்லை. பொதி எந்த இன்டர்ஃபேஸ் வழியாக உள்ளே வருகிறதோ அந்தத் தாவலில்தான் விதி எழுத வேண்டும். வாடிக்கையாளர் தாவலில் இந்த ஒழுங்கு:

1. ஃபயர்வோலின் முகவரிக்கு டிஎன்எஸ் போர்ட் 53 – அனுமதி
2. ஃபயர்வோலுக்கு மற்ற எல்லாம் – தடை
3. தனியார் முகவரிகள் எல்லாவற்றுக்கும் – தடை
4. மற்ற எங்கும் – அனுமதி

மூன்றாவதுக்கு முன்கூட்டியே ஓர் அலியாஸ் (பல முகவரிகளுக்கு ஒரே பெயர்) உருவாக்கி 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 மூன்றையும் அதில் போட்டுவையுங்கள். ‘லானுக்குத் தடை’ என்று மட்டும் எழுதினால் கமராப் பிரிவும் ஃபைபர் பெட்டியின் திரையும் திறந்தே கிடக்கும். நாளைக்கு ஒரு பிரிவு கூடினாலும் அது தானாகச் சேராது. நான்காவதைத் தூக்கி முதலாவதாக வைத்துவிட்டால் மற்ற மூன்றும் வெறும் அலங்காரம். முகவரி எடுப்பதற்கான டிஎச்சிபி கேள்விகளுக்கு விதி எழுதத் தேவையில்லை, சேர்வரை இயக்கியதும் அதற்கான வழி தானாகத் திறக்கும்.

சோதனை

ஒவ்வொரு பிரிவிலும் ஒரு சாதனத்தை வைத்து உள்ளேயிருந்து வெளியே படியாகப் போங்கள். அலுவலகக் கணனியிலிருந்து முதலில் 10.27.10.1க்கு பிங். அது போகாவிட்டால் கேபிள், மாஸ்க், வீலான். அது போய் 1.1.1.1 (இணையத்தில் உள்ள ஒரு பொது டிஎன்எஸ் முகவரி) போகாவிட்டால் வான் பக்கம், அல்லது லானில் யாரோ கேட்வே போட்டிருக்கிறார்கள். 1.1.1.1 போய்த் தளப் பெயர்கள் திறக்காவிட்டால் டிஎன்எஸ்.

தடை சரியா என்றும் பார்க்க வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். போனை வாடிக்கையாளர் வைஃபையில் சேர்த்து உலாவியில் 10.27.30.1, 10.27.10.1, 192.168.1.1 என்று மூன்றையும் அடித்துப் பாருங்கள். ஃபயர்வோல் திரையோ ஃபைபர் பெட்டியின் திரையோ வந்தால் விதி ஒழுங்கில் பிழை. ஏற்கனவே திறந்திருந்த இணைப்பு விதி மாறிய பின்னும் கொஞ்ச நேரம் ஓடும். டயக்னொஸ்டிக்ஸ் மெனுவில் ஸ்டேட்ஸை (ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புகளின் பட்டியலை) அழித்துவிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

பில் அடித்துப் பாருங்கள். சும்மா சோதனைப் பக்கம் போதாது. பில் மென்பொருளிலிருந்தே, இரண்டு கவுண்டரிலும்.

மின்சாரமும் பிரதியும்

2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலம் முடிந்துவிட்டது. என்றாலும் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் நாடு முழுவதும் இருண்டதும் நடந்ததுதான். ஃபயர்வோல், ஃபைபர் பெட்டி, ஸ்விட்ச் மூன்றையும் ஒரே யுபிஎஸ்ஸில் போடுங்கள், மூன்றுக்கும் சேர்த்துச் சின்ன யுபிஎஸ்ஸே போதும். நீங்களே பிஎஃப்சென்ஸ் நிறுவுவதானால் கோப்பு முறைக்கு இசட்எஃப்எஸ்ஸைத் தெரிவுசெய்யுங்கள். பழைய யுஎஃப்எஸ் திடீர் மின்வெட்டுக்குப் பிறகு எழும்ப மறுப்பதுண்டு.

எல்லாம் சரியென்று கண்டபின் டயக்னொஸ்டிக்ஸ் மெனுவின் பேக்அப் பக்கத்திலிருந்து செட்டிங் முழுவதையும் ஒரு கோப்பாக இறக்கி, மறையாக்கம் செய்து, கடைக்கு வெளியே ஓர் இடத்தில் வையுங்கள். இனி ஏதாவது மாற்றப் போய்ப் பிழைத்தால் கொன்சோல் மெனுவில் 15ஆவது தெரிவு பிஎஃப்சென்ஸில் அண்மைய செட்டிங்குகளின் பட்டியலைக் காட்டும். திகதியைப் பார்த்து முந்தியதுக்குத் திரும்பலாம். முகவரி வரிசை, வீலான் எண், எந்தப் போர்ட் எங்கே போகிறது என்பதை ஒரு தாளில் அச்சடித்துப் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். கடவுச்சொல்லை அந்தத் தாளில் எழுத வேண்டாம்.